சிரிப்புப் படத்தில் ஒலித்த ஆன்ம கீதம்

ஒரு பாட்டைக் காது கொடுத்துக் கேட்பதற்கு முன்பே, அது எங்கிருந்து வந்த பாட்டு என்று விசாரிப்பது நம்மவர் வழக்கம். கோவில் பாட்டு என்றால் எழுந்து நிற்போம். சினிமாப் பாட்டு என்றால் முகம் சுளிப்போம். அதுவும் நகைச்சுவைப் படத்தின் பாட்டு என்றால், பொழுதுபோக்கும் பிள்ளைகளின் விளையாட்டு என்று தள்ளிவிடுவோம். "சாமி, பிள்ளைகள் எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் பாட்டுக் கேட்கிறார்கள், நீங்களாவது கண்டித்து வையுங்கள்" என்று தாய்மார் முறையிடுவது இன்று முள்ளுக்குறிச்சியிலும் கேட்கும் குறைதான். கண்டிப்பது எளிது. ஆனால், கேளாத ஒன்றைக் கண்டிப்பது நேர்மையாகுமா? ஆகவே, உலகெங்கும் புகழ்பெற்ற ஒரு நகைச்சுவைப் படத்தின் பாடல் தொகுப்பை முதலிலிருந்து முடிவு வரை பொறுமையுடன் கேட்டேன். கேட்டதன் பயனை இங்கே வாசகப் பெருமக்களுக்கு முன் வைக்கிறேன்.

கொல்லிமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இசையும் சிரிப்பும் அயலானவை அல்ல. காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த வல்வில் ஓரியின் முன் பாணர் கூட்டம் முழவும் யாழும் ஒலிக்கப் பாடிப் பரிசில் பெற்றதைப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் காண்கிறோம். தேவாரப் பண்களுள் ஒன்றின் பெயரே கொல்லி. அதனை இன்று ஓதுவார்கள் நவரோசு இராகத்தில் பாடுகின்றனர். இம்மலையின் கொல்லிப்பாவை தன் சிரிப்பினாலேயே பகைவரை மயக்கி மாய்க்கும் என்பது பழங்கதை. பாட்டும் சிரிப்பும் ஒரே மலையில் குடியிருந்த நாட்டில் பிறந்த நாம், அவ்விரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் அச்சங்கொள்ள வேண்டியதில்லை.

கோவிலில் பிறந்த குரல்

நான் கேட்ட பாடல்கள் 'சோல்' இசை என்னும் வகையைச் சேர்ந்தவை. 'சோல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆன்மா என்று பொருள். அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே 1950-களில் உருப்பெற்று, 1960-களில் உலகெங்கும் பரவிய இசை இது. காதலைப் பாடுகிற உலகியல் இசைக்கு ஆன்மா என்ற பெயர் எப்படிப் பொருந்தியது? அதற்கு விடை கோவிலில் இருக்கிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், பருத்திக் காடுகளில் பாடுபட்ட காலத்தில், விவிலியத்திலே கண்ட இஸ்ராயேல் மக்களின் விடுதலையைத் தங்கள் விடுதலையாக எண்ணிப் பாடினார்கள். 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. அவர்களின் பிள்ளைகளுக்காக நாஷ்வில் நகரில் தோன்றிய ஃபிஸ்க் கல்விக்கூடம் பணமுடையால் தத்தளித்தபோது, 1871-இல் அதன் மாணவர் குழு ஒன்று புறப்பட்டு, ஊர் ஊராகச் சென்று இப்பாடல்களைப் பாடி, நிதி திரட்டித் தம் கல்விக்கூடத்தைக் காப்பாற்றியது. பாடிச் சம்பாதித்து ஓர் இல்லத்தைக் காத்த இந்த நிகழ்ச்சியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது பயன்படும்.

அடுத்து வந்தவர் தாமஸ் டார்சி. கேளிக்கை விடுதிகளில் 'புளூஸ்' என்னும் சோக இசையைப் பியானோவில் வாசித்துப் பிழைத்தவர். 1932-இல் மனைவியையும் பிறந்த சிசுவையும் ஒருங்கே பறிகொடுத்தார். அந்தத் துயரின் ஆழத்திலிருந்து, ஆண்டவரே கைப்பிடித்து நடத்தியருளும் என்று இறைஞ்சும் பாடல் ஒன்றை இயற்றினார். விடுதியில் பழகிய இசைநடை, வேண்டுதலாக மாறிக் கோவிலுக்குள் வந்தது. தொடக்கத்தில் கோவில் வாயில்கள் பல அவருக்கு அடைக்கப்பட்டன. பின்னர் அவரே 'காஸ்பல்', அதாவது நற்செய்தி இசையின் தந்தை எனப் போற்றப்பட்டார்.

இனி எதிர்த்திசையில் ஒரு பயணம். கண் பார்வை இழந்த ரே சார்லஸ், 1954-இல் ஒரு நற்செய்திப் பாடலின் அமைப்பைத் தழுவிக் காதல் பாட்டொன்றைப் பதிவு செய்தார். இவர் கோவிலில் பாட வேண்டியவர் என்று பழைய புளூஸ் பாடகர்களே குறை கூறினர். கோவில் பாடற்குழுவின் நட்சத்திரமாக விளங்கிய சாம் குக், 1957-இல் உலகியல் மேடைக்குச் சென்றார். டெட்ராய்ட் நகரின் புகழ்பெற்ற போதகர் ஒருவரின் மகளாகிய அரீதா பிராங்ளின், தந்தையின் கோவிலில் பாடி வளர்ந்து, 1967-இல் நாடெங்கும் அறிந்த பாடகியானார். அவரே 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒரு கோவிலுக்குத் திரும்பி வந்து, ஜேம்ஸ் கிளீவ்லண்டு என்ற போதகரின் பாடற்குழுவோடு பக்திப் பாடல்களைப் பதிவு செய்தார். அவருடைய இசைத்தட்டுகளுள் மிக அதிகமாக விற்பனையானவற்றுள் ஒன்று, அந்தக் கோவிலில் பதிந்ததே.

இந்த இசையின் நடையிலேயே அதன் பிறப்பிடம் தெரியும். பாடகர் ஓர் அடி பாடினால், கூட்டம் அதற்கு மறுமொழி பாடும். நம் மன்றாட்டு மாலையில் முன்னவர் சொல்ல மக்கள் பதில் சொல்வதையும், வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே அசையைப் பல சுரங்களில் வளைத்து, நெளித்து, தேம்பி நிறுத்துவார்கள்; நம் ஒப்பாரியிலும் அந்தத் தேம்பல் உண்டு. தாளத்தில் மட்டும் ஒரு வேறுபாடு. நான்கு எண்ணிக்கையில் நாம் முதல் தட்டில் கைதட்டுவோம். அவர்களோ இரண்டாவதிலும் நான்காவதிலும் தட்டுவார்கள். வீட்டில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கால் தானாக அசையும்.

இசைத்தட்டைக் கேட்போம்

நான் கேட்ட தொகுப்பு, 1980 ஜூன் மாதம் வெளிவந்த 'தி புளூஸ் பிரதர்ஸ்' என்ற படத்தினுடையது. ஜான் லாண்டிஸ் இயக்கிய அப்படத்தில் டான் அய்க்ராய்டும் ஜான் பெலூஷியும் சகோதரர்களாக நடித்தனர். அய்க்ராய்டு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பதினேழு வயது வரை குருவாக வேண்டும் என்று எண்ணியிருந்தவர். கதையிலும் அந்த வாசனை வீசுகிறது. சகோதரர் இருவரும் சிக்காகோவை அடுத்த ஊரில் கன்னியர் நடத்தும் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள். மூத்தவன் சிறையிலிருந்து விடுதலையாகி வரும்போது, சொத்து வரி ஐயாயிரம் டாலரைப் பதினொரு நாளில் செலுத்தாவிட்டால் இல்லம் கைநழுவிப் போகும் என்ற செய்தி காத்திருக்கிறது. சிதறிப்போன தம் இசைக்குழுவை மீண்டும் கூட்டி, பாடிப் பணம் சேர்க்க அவர்கள் புறப்படுவதே கதை. வழியெங்கும் சிரிப்பு, கூடவே கணக்கற்ற கார்கள் நொறுங்குகின்றன.

இசைத்தட்டில் மொத்தம் பதினொரு உருப்படிகள். அவற்றுள் ஒன்று, ஜேம்ஸ் பிரவுன் போதகராக வேடமிட்டுக் கோவிலில் பாடும் பழைய நற்செய்திப் பாடல். உடன் பாடுவது யார் தெரியுமா? அரீதா பிராங்ளினோடு 1972-இல் பாடிய அதே ஜேம்ஸ் கிளீவ்லண்டின் பெயர் தாங்கிய பாடற்குழு. படத்தில் கேலி நிறைய உண்டு. ஆனால், இந்தப் பாட்டைப் பாடுவோர் கேலிக்குப் பாடவில்லை. குரல் கம்மும்வரை உள்ளத்தை ஊற்றிப் பாடுகிறார்கள். படத்தைப் பாராமல் செவியால் மட்டும் கேட்டால், இது நகைச்சுவைப் படம் என்ற நினைவே எழாது.

அடுத்துச் சொல்லத்தக்கது அரீதா பிராங்ளினின் பாட்டு. உணவு விடுதி நடத்தும் மனைவி, குடும்பத்தை விட்டு இசைக்குழுவோடு ஓடத் துடிக்கும் கணவனை நிறுத்தி, செய்யப்போவதை எண்ணிப் பார் என்று எச்சரிக்கும் காட்சி. அவள் சமையற்கட்டு உடையில், செருப்புக் காலுடன் நிற்கிறாள். கணவனோ கேளாமல் போகிறான். முன்னரே பதிந்த பாட்டுக்கு வாயசைப்பது அந்தப் பாடகிக்குக் கடினமாயிருந்ததாம். ஒரு முறை பாடியதுபோல மறுமுறை பாடும் வழக்கம் அவருக்கில்லை. உள்ளத்திலிருந்து வரும் பாட்டு அப்படித்தான். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும். அந்த மனைவியின் குரலில் கோபமும் அன்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதைக் கேட்கும்போது, நம் வீட்டுப் பெண்கள் சொல்லாமல் விழுங்கும் எத்தனையோ வார்த்தைகள் நினைவுக்கு வரும்.

ரே சார்லஸ் இசைக்கருவிக் கடைக்காரராக வந்து ஓர் ஆட்டப் பாட்டைப் பாடுகிறார், தெருவே ஆடுகிறது. முதுபெரும் கலைஞர் காப் காலோவே 1931-இல் புகழ்பெற்ற தம் பாட்டையே, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, குரல் தளராமல் பாடுகிறார். பின்னணியில் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் கிராப்பரும் டொனால்டு டன்னும், மெம்ஃபிஸ் நகரில் சோல் இசையின் பொற்காலத்தை உருவாக்கியவர்கள். வெள்ளையர்களான இவ்விருவரும் கறுப்பினக் கலைஞர்களுடன் ஒரே அறையில் ஒரே குழுவாக வாசித்த 1960-களில், அந்நகரில் இனப்பாகுபாடு கொடிகட்டிப் பறந்தது என்பதையும் நினைவில் கொள்க.

படம் வந்த காலத்தில் வேறு ஆட்ட இசை மேலோங்கி, இந்தப் பழைய கலைஞர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தனர். சிரிக்க வந்த இளைஞர் கூட்டம், இவர்கள் பாடக் கேட்டு வியந்து திரும்பியது. கலைஞர்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது. சிரிப்பு வாசலைத் திறந்துவிட்டது. அதன் வழியே இசை உள்ளே நுழைந்தது.

கன்னியர் மறுத்த பணம்

இப்பாடல்களுக்குப் பொருள் தரும் காட்சி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐயாயிரம் டாலர் வேண்டும் என்று அறிந்தவுடன் மூத்தவன், "இதென்ன பெரிய காரியம், விடிவதற்குள் கொண்டுவருகிறேன்" என்கிற பாவனையில் பேசுகிறான். இல்லத் தலைவியான அருட்சகோதரி சீறி எழுகிறார். திருடிய பணம் தமக்கு வேண்டாம் என்று கண்டிப்பாக மறுக்கிறார். தகாத சொல் பேசிய இருவருக்கும் அடிக்கோலால் விளாசலும் கிடைக்கிறது. காண்போர் விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சி இது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: தலைக்குமேல் கூரை போகப்போகிறது, பணம் தருகிறேன் என்று ஒருவன் நிற்கிறான், அது எப்படி வந்த பணம் என்று அந்தத் தாய் கேட்கிறார்.

நம் ஊர்த் திருவிழாக்களுக்கும் கோவில் கட்டடங்களுக்கும் நன்கொடை திரட்டும்போது, கொடுப்பவரின் பெயரைக் கல்லில் பொறிக்க விரையும் நாம், பணம் வந்த வழியை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? நல்ல காரியத்துக்குக் கெட்ட பணம் ஆகாது என்ற நீதியை மறையுரையில் பத்து நிமிடம் சொன்னால் கொட்டாவி விடுவோர் உண்டு. அந்தச் சிரிப்புப் படம் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

ஆகவே சகோதரர்கள் பாடித்தான் சம்பாதிக்க வேண்டும். முடிவில் பாடியே முன்பணம் பெறுகின்றனர். கடனாக வாங்கிய இசைக்கருவிகளுக்கு உரிய தொகையைக் கடைக்காரருக்குச் சேர்ப்பிக்கச் சொல்கின்றனர். இல்லத்தின் வரியைச் செலுத்துகின்றனர். செலுத்திய கணமே, வழியில் செய்த குற்றங்களுக்காகக் கைவிலங்கு விழுகிறது. இசைத்தட்டின் கடைசிப் பாட்டு, அவர்கள் சிறைக்குள் பாடுவது. இல்லம் பிழைத்தது, தண்டனையும் தப்பவில்லை. ஃபிஸ்க் மாணவர்கள் 1871-இல் மெய்யாகவே செய்ததை, இரண்டு கோமாளிகள் கதையில் செய்து காட்டினர்.

2010 ஜூன் மாதம், இப்படத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, வத்திக்கான் நாளேடாகிய 'ஒஸ்ஸர்வாத்தோரே ரொமானோ' இதனைக் கத்தோலிக்கத் திரைப்படம் என்றே பாராட்டி எழுதியது. உலகப் பத்திரிகைகள் வியப்புடன் அச்செய்தியை வெளியிட்டன. 2020-இல் அமெரிக்க நாடு, காத்து வைக்க வேண்டிய திரைப்படங்களின் தேசியப் பதிவேட்டில் இதனைச் சேர்த்தது.

இவ்வளவு சொல்வதால், படத்தைக் குழந்தைகளோடு அமர்ந்து பாருங்கள் என்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. தகாத பேச்சு அதில் மலிந்துள்ளது. அமெரிக்காவிலேயே சிறுவர் தனியே பார்க்கக் கூடாத படம் என்று வகைப்படுத்தப்பட்டது. மூத்தவனாக நடித்த ஜான் பெலூஷி, போதைப்பொருளுக்கு இரையாகி 1982 மார்ச்சில் முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். பாட்டின் இனிமை பாடுவோரின் வாழ்க்கைக்குப் பிணை ஆகாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

நம் நாட்டில் ஒரு சிரிப்புப் படம்

கடல் கடந்து போவானேன்? தமிழில் இதற்கு நெருங்கிய உறவு 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'. பாலையாவிடம் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை நினைத்தாலே இன்றும் தாத்தாவும் பேரனும் சேர்ந்து சிரிப்பர். அந்தப் படத்துக்கு விசுவநாதன்–இராமமூர்த்தி இசையமைத்தனர். கண்ணதாசன் பாடல்களை எழுதினார். மேல்நாட்டு ஆட்டத் தாளங்களைத் தமிழ்ச் சந்தத்தோடு பொருத்திய அப்பாடல்கள், கேலிப் படத்தின் பாடல்கள் என்று ஒதுங்கிப் போகவில்லை. அறுபது ஆண்டுகள் கடந்தும் ஒலிக்கின்றன.

அவற்றைப் பாடியோருள் இருவரை நாம் சிறப்பாக அறிதல் தகும். ஒருவர் லூர்து மேரி இராஜேஸ்வரி என்ற கத்தோலிக்கப் பெண்மணி, எல்.ஆர். ஈஸ்வரி என்றால் அனைவரும் அறிவர். தாயார் திரைப்படப் பாட்டுக் குழுக்களில் பின்பாட்டுப் பாடியவர். பிற்காலத்தில் மாரியம்மன் திருவிழாக்களில் ஒலிபெருக்கி கட்டிய ஊரெல்லாம் ஒலித்தது இவர் குரல்தான். மற்றவர் கே.ஜே. ஜேசுதாஸ், கொச்சிக் கோட்டையில் கத்தோலிக்கக் குடும்பத்தில், நாடக நடிகரும் பாடகருமான அகஸ்டின் ஜோசப்பின் மகனாக 1940-இல் பிறந்தவர். அவர் தமிழில் பாடத் தொடங்கிய காலத்துப் படங்களுள் இதுவும் ஒன்று. சிரிப்புப் படத்தில் பாடியதால் இவர்கள் குரலின் பக்தி குறைந்துவிடவில்லை என்பதை, பின்னர் அவர்கள் பாடிய பக்திப் பாடல்களைக் கேட்டோர் அறிவர்.

சிரிப்பும் பக்தியும் ஒருவரிடத்தில் குடியிருப்பது நம் திருச்சபைக்குப் புதிதுமன்று. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே, பரமார்த்த குருவையும் அவருடைய மட்டிச் சீடர்களையும் படைத்தார். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை 1878-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையே, அடுத்த ஆண்டில் நகைச்சுவை ததும்பும் பிரதாப முதலியார் சரித்திரத்தையும் தந்தார்.

தடையா, துணையா?

இனிப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். தடுத்தால் என்ன? நம் நாட்டு வரலாறே விடை கூறும். 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர், மட்டமானவை என்று கருதித் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து விலக்க முயன்றார். மக்கள் கேட்பதை நிறுத்தினார்களா? இல்லை, முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்துக் கேட்டார்கள். முடிவில் 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி, வானொலியே அப்பாடல்களை ஒலிபரப்ப நேர்ந்தது. அரசாங்கத்தால் ஆகாதது, ஆறு அங்குலக் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளையிடம் நம்மால் ஆகுமா? தடுக்கப்பட்ட பாட்டைப் பிள்ளை தனியே கேட்பான். கூட இருந்து கேட்கப்பட்ட பாட்டைப் பற்றி நம்மிடம் பேசுவான்.

மற்றொரு கேள்வி இளைஞர்களுடையது: "கோவில் இசை மேடைக்குப் போய்ப் புகழ்பெற்றது, அப்படியானால் சினிமா மெட்டில் நாம் ஞானப் பாட்டு எழுதிப் பூசையில் பாடக் கூடாதா?" 1992-இல் வந்த 'சிஸ்டர் ஆக்ட்' என்ற நகைச்சுவைப் படத்தில், 1964-ஆம் ஆண்டின் காதல் பாட்டொன்றைச் சொல் மாற்றி, கடவுளைக் குறித்துக் கன்னியர் பாடுவர், காண்பதற்கு அழகாயிருக்கும். ஆனால் திருப்பலியில் நிலை வேறு. மெட்டு ஒலித்தவுடன் அந்தப் படத்தின் ஆட்டக் காட்சி மனக்கண்முன் வந்து நிற்கும். நாவு ஆண்டவரைப் பாட, நினைவு வேறிடம் போகும். நாடக மேடையின் பாணி கோவிலுக்குள் நுழைவதைத் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903-இல் கண்டித்ததன் கருத்தும் இதுவே. அதே வேளையில், மறைபரப்பு நாடுகளின் இசை மரபுகளுக்கு உரிய மதிப்பும் இடமும் தரவேண்டும் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் பணித்தது.

இவ்விரண்டும் முரண் அல்ல. டார்சி கேளிக்கை விடுதியின் பாட்டைத் தூக்கி வந்து கோவிலில் வைக்கவில்லை; தம் மக்கள் அழுத விதத்தையும் ஆறுதல் கொண்ட விதத்தையும் எடுத்துப் புதுப்பாட்டுச் செய்தார். நம் இளைஞர் கற்க வேண்டிய பாடம் அதுதான். ஒருவருடைய மெட்டைக் கடன் வாங்க வேண்டாம். நம் கும்மியும் தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் காத்துக் கிடக்கின்றன. அவற்றை அறிந்த பாட்டிமார் இன்னும் ஊர்தோறும் இருக்கிறார்கள். நாள் செல்லச் செல்லக் குறைகிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்பதற்கு இதுவே சமயம்.

பெற்றோரே, ஒரு ஞாயிறு மாலை ஜெபமாலை முடிந்தபின், பிள்ளையின் கருவியைக் காதிலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் ஒலிக்கச் செய்யுங்கள். அவன் விரும்பும் பாட்டு ஒன்று. அதன்பின் உங்கள் இளமையில் நீங்கள் விரும்பிய பாட்டு ஒன்று. இப்பாட்டு எங்கே பிறந்தது, யார் எந்தத் துயரில் அல்லது மகிழ்ச்சியில் பாடினார், கேட்டபின் நம் உள்ளம் விரிகிறதா சுருங்குகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளை வாயடைத்துப் போனாலும் பரவாயில்லை; அடுத்த ஞாயிறு அவனே ஒரு பாட்டோடு வருவான். அவன் கேட்பதை நாம் கேட்டால், நாம் சொல்வதை அவனும் கேட்பான்.